சிறந்த ஆட்டக்காரர் யாரென்று யாரைக் கேட்பது

பொன்னேரி,
மார்ச் 1953

பெரும் மதிப்பிற்குரிய மச்சான் நூர் அகமது அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் மொய்னுதீன் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மரியம் பீவியும் நம் ஜவுளிக் கடையும் அல்லாஹ் கிருபையால் சுகம். பினாங்கில் உங்கள் உடம்புக்கும் வியாபாரத்துக்கும் ஒரு குறையும் வராதிருக்க துஆ செய்கிறோம்.

உங்கள் தம்பி சம்சாரம் நசீராவின் கடிதம் இதற்கு முன்பே கப்பலேறியிருக்கும். அதில் என்னைப் பற்றி எழுதியிருப்பதை நம்புவதற்கு முன் இதை முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் மச்சான், நீங்கள் அனுப்பிய வெள்ளிக் கோப்பை உங்கள் தம்பி மகன் முஸ்தபாவுக்குக் கிடைக்கவில்லை. கால்பந்துப் போட்டியில் பழவேற்காடு அணிக்கு சென்டர் பார்வர்டு ஆடியவன் அவன், இறுதி ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவன் அவன், பெரியப்பா கொடுத்த கோப்பை அவனுக்கு இல்லையென்றால் தாய்க்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் குற்றத்தில் உங்களுக்கும் பங்குண்டு. 'சிறந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு வாப்பா ஞாபகமாகக் கொடுக்கவும்' என்று எழுதினீர்களே தவிர, அந்தச் சிறந்தவர் யாரென்று யாரைக் கேட்பது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இறுதி ஆட்டம் எங்கள் பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடந்தது, நாங்கள் தோற்றோம். அன்று சாயங்காலமே போட்டிக் கமிட்டியார் மூன்று பேரும் என் கடையில் கூடினோம்: தலைவர் வக்கீல் சுப்பராயன், ரெபரியாக இருந்த டிரில் மாஸ்டர் தாவீது, செயலாளர் நான். வக்கீல் திருவள்ளூரில் ஒரு வழக்கை முடித்துவிட்டு வந்த பஸ் செங்குன்றம் தாண்டி நின்றுபோனதால் பிற்பாதி ஆட்டத்தைத்தான் பார்த்தார், ஆகவே பிற்பாதியில் ஓடியவர்களில் ஒருவன்தான் சிறந்தவன் என்று சட்டப்படி வாதாடினார். நான் முஸ்தபா என்றேன். சொன்ன மாத்திரத்தில் இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், சொந்தக்காரன் பெயரைச் சொன்னவன் வாயை மூடிக்கொள்வதே மரியாதை என்று எனக்கே பட்டது. தாவீது மாஸ்டரைக் கேட்டால், யார் தப்பு செய்தான் என்று கேளுங்கள் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், தப்பு செய்யாதவன் பக்கம் என் கண் போகவே போகாது, அதற்குத்தானே என் கையில் விசில் கொடுத்தீர்கள் என்றார். அதில் நியாயம் இருந்ததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அப்புறம் வக்கீலுக்கு யோசனை வந்தது. போன வருஷம்தான் நாடு முழுக்கப் பொதுத் தேர்தல் நடந்திருக்கிறது, ஆளுக்கொரு பெட்டி வைத்துச் சின்னம் ஒட்டி ஓட்டுப் போட ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டது, அதையே செய்வோம் என்றார். நாங்களே நாலு ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, நாலு பிஸ்கட் டின் வைத்து, மீன், படகு, நெற்கதிர், குடை என்று படம் ஒட்டி, சந்தை நாளில் மைதானத்து ஓரமாக வைத்தோம். நல்ல வெயில். மூன்று டின் வெயிலில் இருந்தன, குடை ஒட்டிய டின் மட்டும் புளியமரத்து நிழலில் இருந்தது. வந்த ஜனம் அத்தனையும் நிழலுக்குப் போய், அங்கேயே நின்று வெற்றிலை போட்டு, அங்கேயே சீட்டையும் போட்டுவிட்டுப் போனது. ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் போட்டார்கள், ஆரணியாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடு விற்க வந்தவர்களும் போட்டார்கள். ஒருவர் குடைக்காரர் ஜெயித்தால் எங்கள் ஊர்ப் பாலத்தைச் சரிசெய்வாரா என்று கேட்டார். குடைக்காரன் அன்றைக்கு முழங்காலில் அடிபட்டு முக்கால்வாசி ஆட்டம் வெளியே உட்கார்ந்திருந்தவன், மச்சான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஆரோக்கியமேரி வந்தாள். எங்கள் அணியில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆசீர்வாதத்தின் மனைவி. ஆசீர்வாதம் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர், நாற்பதை நெருங்குகிற வயசு, முகத்தில் சிரிப்பே கிடையாது, ஆட்டம் நடக்கும்போது எதிரியையும் திட்டுவார், சொந்த ஆட்களை அதைவிட அதிகமாகத் திட்டுவார். வயசாகிவிட்டது, அடுத்த வருஷம் அணியில் இடமில்லை என்று, எங்கள் அணிக்கும் பெரியவரான வக்கீல் அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் மில்லுக்குப் போவது, வீட்டுக்கு வருவது தவிர யாரிடமும் பேச்சில்லை என்று கேள்வி. ஆரோக்கியமேரி நாலு டின்னையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பாய், எங்க ஊட்டுக்காரருக்கு டப்பா எங்க?"

நாலு பேரைத்தான் பொறுக்கியிருக்கிறோம் என்றேன்.

"யாரு பொறுக்குனது?"

ஓட்டை யார் போடுவது என்று இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோமே, ஓட்டுக்கு யார் பெயரை வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவள் சண்டை போடவில்லை. கையிலிருந்த சீட்டை வெயிலில் இருந்த மீன் டின்னில், அதாவது முஸ்தபாவுக்குப் போட்டுவிட்டுப் போனாள். அன்றே நாலு டின்னையும் கவிழ்த்துவிட்டேன்.

மூன்றாவது யோசனை தாவீது மாஸ்டருடையது. ஆட்டக்காரர்களே போடட்டும், ஆனால் சொந்த அணிக்குப் போடக்கூடாது, எதிர் அணிக்குத்தான் என்றார். கேட்கும்போது நன்றாக இருந்தது. இரண்டு அணியையும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்துச் சீட்டு கொடுத்தோம். பிரித்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பந்தைத் தொடாதவனுக்கும் ஒன்று, குடைக்காரனுக்கும் ஒன்று. முஸ்தபாவைத் தனியாக அழைத்து விசாரித்தேன். எதிர் அணிக்குத் தாங்கள் போடும் ஓட்டைச் சிதறவைத்தால்தான் தங்கள் ஆள் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே பேசி, ஆளுக்கொரு பெயரைப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். எங்கள் பையன்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். வக்கீல் ஒருவர்தான் இதில் மகிழ்ந்தார். ஒரே ஒரு தேர்தலில் நம் ஜனங்களுக்கு ஜனநாயகம் இவ்வளவு பிடிபட்டுவிட்டதே என்றார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் மரியம் பீவியிடம் புலம்பினேன். கோப்பையைத் திருப்பிப் பினாங்குக்கே அனுப்பிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். உங்கள் தங்கையை உங்களுக்குத் தெரியும், பாதி கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

"யாரு நல்லா ஆடுனான்னு கேட்டா அவனவன் தன் ஆளத்தான் காப்பாத்துவான். எதிர்ல யாரு நின்னா பேஜாரா இருந்துச்சுன்னு கேளுங்க. வலிச்ச எடத்த எவனும் மாத்திச் சொல்ல மாட்டான்."

மறுநாளே பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினேன். கோப்பை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒருவன் வலை உலர்த்திக்கொண்டிருந்தான், ஒருவன் கடையில் கருவாட்டுக் கூடையை நிறுத்துக்கொண்டிருந்தான், ஒருவன் மாமனார் வீட்டில் விருந்து. ஒவ்வொருவனையும் தனியாகப் பார்த்து, அடுத்த வருஷம் எங்கள் அணியில் எவன் இல்லாமலிருந்தால் உனக்கு நிம்மதி என்று மட்டும் கேட்டேன். மச்சான், ஒருவன்கூட யோசிக்கவில்லை. அந்தத் திட்டுறவரு என்றான் ஒருவன். மில்லுக்காரரு என்றான் இன்னொருவன். பேர் தெரியாது, ஆனால் அவர் நின்றால் அந்தப் பக்கம் போகவே மனசு வராது என்றான் மூன்றாமவன். கடைசியாக முஸ்தபாவைப் பார்த்தேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்கு மட்டும் புரிந்துவிட்டது.

"அவரத் தாண்டி நான் ஒரு வாட்டிதான் போனேன் மாமா. அதுவும் அவருக்குக் கால் வழுக்குனதால. ஆசீர்வாதம்னு எழுதிக்கோங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எங்கள் பையன்களிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். பாதிப் பேர் முஸ்தபா என்றார்கள், மீதிப் பேர் பழவேற்காட்டு கோல்கீப்பர் என்றார்கள். ஆக எதிரிகள் ஒருமுகமாகச் சொன்ன பெயர் ஒன்றுதான். தோற்ற அணிக்காரனுக்கு எப்படிக் கோப்பை என்று வக்கீல் முதலில் எழும்பினார், நான் எல்லாவற்றையும் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சாட்சி அத்தனையும் எதிர்க்கட்சி, இதில் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு ஒன்றுமில்லை என்றார். மறுநாள் மில்லுக்கு அவரே போய், அடுத்த வருஷமும் நீதான் ஆடவேண்டும் என்று ஆசீர்வாதத்திடம் சொல்லிவிட்டு வந்தார்.

பரிசளிப்பு அன்று பெயரைப் படித்ததும் எங்கள் ஊர் ஜனம் யார் யாரென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. முதலில் கை தட்டியது பழவேற்காட்டுப் பையன்கள். ஆசீர்வாதம் மேடைக்கு வந்து கோப்பையை வாங்கி, என் பக்கம் குனிந்து, யாரு பாய் சொன்னது என்று கேட்டார். பழவேற்காட்டுப் பையன்கள் பக்கம் கையைக் காட்டினேன். அவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு, அன்றைக்கு இடது பக்கம் முழுக்க வெறுமனே கிடந்தது, ஒருத்தனுக்காவது அங்கே பந்தைத் தள்ளத் தோன்றியதா என்று மேடையிலிருந்தே அவர்களைத் திட்ட ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டு, கோப்பையை ஆரோக்கியமேரி கையில் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன், மச்சான். வேடிக்கை பார்க்கிற நாம் பந்து போகிற பக்கமெல்லாம் கண்ணைக் கொண்டுபோகிறோம். பந்து வராமல் செய்கிறவன் நம் கண்ணில் படுவதில்லை. அவனைத் தெரிந்தவன் அவனிடம் மாட்டியவன்தான். ஆகவே இனி எதிர் அணியார் மட்டுமே சொல்ல வேண்டும், தனித்தனியாகச் சொல்ல வேண்டும், கமிட்டிக்காரர் உட்பட எவரும் தன் ஊர் ஆளுக்குச் சொல்லக்கூடாது என்று கோப்பை கொடுத்தவர் என்ற முறையில் நீங்களே ஒரு விதி எழுதி அனுப்புங்கள். கோப்பை இந்த ஊரிலேயே இருக்கிறது, ஆசீர்வாதமும் அணியில் இருக்கிறார், வரும் வருஷம் பொன்னேரி ஜெயிப்பது நிச்சயம் என்பதையும் சந்தோஷத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அங்கே மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நசீராவுக்குப் பொறுமையையும் தருவானாக.

இப்படிக்கு,
மொய்னுதீன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஆசீர்வாதம் கடைக்கு வந்தார். முஸ்தபாவும் அவன் கூட்டாளிகளும் மில்லுக்கே தேடிப் போயிருக்கிறார்கள். எதிரில் இவர் நிற்கக்கூடாதென்றால் தங்கள் பக்கம் நிறுத்திக்கொள்வதுதான் வழி என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது, இவரும் சரி என்றுவிட்டார். அடுத்த வருஷம் பழவேற்காட்டுக்கு ஆடுகிறார். வக்கீல் வந்து கூப்பிட்டாரே, இத்தனை வருஷம் நம் ஊருக்கு ஆடினீரே என்றேன். "நம்மாளுங்க என்னை வேணாம்னது நெசமாவே வேணாம்னுதான், பாய். அவங்க எதிர்ல நிக்க வேணாம்னது வேற மாதிரி இருந்துச்சு," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. பொன்னேரி ஜெயிக்கும் என்று மேலே எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். விதியை மறக்காமல் அனுப்பவும். வரும் வருஷம் அவர் எனக்கு எதிர் அணி. நான் அவர் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.