பாதிக்கதைப் பாதிரியார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றை ஊரில் ஒரு கிறிஸ்தவனும் நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் செய்த ஒரே மனிதர், எங்கள் பாதிக்கதைப் பாதிரியார்தான். பிரசங்கத்துக்கு நடுவே கதை சொல்வார். அருமையான கதை. முடிவை மட்டும் சொல்ல மாட்டார்.

ஒருவன் கிணற்றில் விழுந்துவிடுவான். மேலேயிருந்து கயிறு விடுவார்கள். பாதி ஏறும்போது கயிற்றில் இரண்டு புரி அறுந்து, ஒற்றைப் புரி மிச்சமிருக்கும். சபையே பெஞ்சு நுனிக்கு வந்திருக்கும். அப்போது வேதப் புத்தகத்தை மூடிவிட்டு, "ஜெபம் பண்ணுவோம்" என்பார். கண்ணை மூடினால் கிணறுதான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திங்கட்கிழமை இந்தக் கதையை வேலைக்கு நடுவே சொல்லிவைத்தேன். மிஷின் பிட்டர் பாய் சர்ச் வாசலையே மிதித்ததில்லை. அவர் புதன்கிழமை என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், கிணத்துல உழுந்தவன் என்னானானுங்க?"

"இன்னும் உள்ளதான் இருக்கானுங்க."

"மூணு நாளாச்சேங்க" என்று கவலையோடு போனார்.

சபை மூப்பர் ஒருவர் ஊத்துக்குளி வெண்ணெய் ஓர் உருண்டை கொடுத்து முடிவைக் கேட்டுப் பார்த்தார். வெண்ணெய் போனது, முடிவு வரவில்லை. பாதிரியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "முடிவச் சொன்னா வீட்டுக்குப் போயி தூங்கிருவிய. சொல்லலேன்னா வாரம் பூரா நினைப்பிய" என்று சிரித்தார்.

அப்புறம் ஒரு ஞாயிறு, காட்டாற்றுக் கதை சொன்னார். காய்ச்சலில் கிடக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் ஆற்றில் இறங்குகிறான். அக்கரையில் வைத்தியர். தண்ணீர் இடுப்புக்கு வருகிறது, மார்புக்கு வருகிறது. மகள், "அப்பா, கரை எங்க?" என்கிறாள். ஜெபம் பண்ணுவோம்.

அதே வாரம் எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு வயசு. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாளும் கண் திறக்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றி எழுதிவிட்டுப் போனார். என் மனைவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏனுங்க, அந்தப் புள்ள பொழைச்சுதான்னு பாதிரியாரைக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

"அது கதை."

"இருக்கட்டுங்க. கேட்டுட்டு வாங்க."

கொளுத்துகிற வெயிலில் சைக்கிளை மிதித்தேன். பாதிரியார் அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தைப்பதை நிறுத்தினார். வழக்கம்போலச் சிரிக்கப்போகிறார் என்று பயந்தேன்.

"பிள்ளை பிழைச்சிட்டுய்யா" என்றார். "நல்லாப் பிழைச்சிட்டு. இப்பம் பள்ளிக்கூடம் போவுது. கணக்குதான் வர மாட்டேங்கு. போயி உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லும்."

சொன்னேன். கணக்கு வராததையும் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவள் நம்பினாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். மறுநாள் எங்கள் பெண் கண் திறந்தாள்.

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்ட உதவிக்குப் போனேன். அவரும் மனைவியும் மட்டும் இருந்த வீடு. துணிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கவுன் இருந்தது. யாருடையது என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"எங்க மவளுதுய்யா. இவுக தோள்ல போட்டு ஆத்தைத் தாண்டிக் கரையேறும்போதே பிள்ளைக்கு மூச்சு இல்ல."

கவுனை மடித்து அடியில் வைத்தார். வெளியே பாதிரியார் வண்டிக்காரரோடு பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.  நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னவோ ஏதோ என்று அவர் பயந்துவிட்டார்.

என் மனைவி இன்றைக்கும் எப்போதாவது, "அந்த ஆத்துப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருக்குமுங்களா?" என்பாள்.

"ஆயிருச்சு, ரெண்டு குழந்தைங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.