முனியாண்டி தேர்ந்தெடுத்த பூஸ்ட் கண்ட்ரோலர்

இந்த ஒரு விஷயத்திலாவது தன் வீட்டில் தன் பேச்சுதான் கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும் என்று சன்னாசி சத்தியம் செய்துகொண்டான். கழிவறையில் உட்கார்ந்து செய்த சத்தியம்தான். அந்த வீட்டில் அவன் சொந்தமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதானே!

விஷயம் வேறொன்றுமில்லை, அவனுடைய குட்டிக் கான்சில் கார். பார்த்தால் தீப்பெட்டி. உள்ளே இருப்பதோ ஜப்பானிலிருந்து வந்த டர்போ எஞ்சின். காற்றை அடித்துத் திணித்து விசில் போட்டுக்கொண்டு ஓடும். அதையும் மீறி, மனைவி கண்மணியின் தம்பி செல்வா அசாம் ஜாவா ஊர்ச் சாலை வளைவில் அவனைத் தாண்டிப் போய்விட்டான். சும்மா போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டாட்டா காட்டிவிட்டுப் போனான் பாவி. அன்றைக்குப் போன தூக்கம் சன்னாசிக்குத் திரும்பவே இல்லை.

இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் செல்வாவைப் பிடித்துவிடலாம். அதற்கு வேண்டியது பூஸ்ட் கண்ட்ரோலர். எவ்வளவு காற்று போகலாம் என்று தீர்மானிக்கிற சாமான். அதில் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

கண்மணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சன்னாசி மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"வொர்க்‌ஷாப் ராஜு ரெண்டு வகை காட்டுறான் கண்மணி. ஒண்ணு பித்தளைத் திருகு. பானட்டத் திறந்து கையால திருகணும். இன்னொண்ணு எலக்ட்ரானிக். காருக்குள்ளயே சின்னத் திரை, குமிழ் எல்லாம் வரும்."

"ஓட்டும்போதே ஏத்தலாமா?"

"ஏத்தலாம்."

"எறக்கவும் செய்யலாமா?"

"செய்யலாம்லா. உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"எனக்கெதுக்கு? சும்மா கேட்டேன்." ஒரு நெத்திலியின் தலை போனது. "ரெண்டும் வேணாம். இருக்கிற வேகத்துக்கே எனக்கு வயித்தக் கலக்குது."

"கண்மணி, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"வேணாம்னேன்."

அவ்வளவுதான், கடைசிப் பேச்சு பேசியாகிவிட்டது. அதை அவன் பேசவில்லை.

ஆனால் சன்னாசி லேசுப்பட்டவன் இல்லை. கண்மணி உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் பயப்படுவாள்: தோட்டத்து எல்லையில் நிற்கிற முனியாண்டி. சோற்றுப் பானை வாங்குவதற்குக்கூட அங்கே குறி கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவாள். அந்த முனியாண்டியே சொல்லிவிட்டால்? சன்னாசிக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே புல்லரித்தது. ஒரு பெட்டி சுருட்டு வாங்கினான். மோட்டார்சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நேரம் பார்த்து ஊரைச் சுற்றிவிட்டு, பூசாரி குமரவேலிடம் போனான்.

"எலக்ட்ரானிக்தான் போடணும்னு சாமி சொல்லணும்ணே."

"சாமி சொல்றதுல நாம தலையிட முடியாதுப்பா." பூசாரி ஒரு சுருட்டை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தார். கண் தானாக மூடிக்கொண்டது. "ஆனா, ஞாபகப்படுத்தலாம்."

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். உடுக்கை முழங்கியது. பூசாரிக்கு மருள் வந்தது. வாயில் சுருட்டு, கையில் அரிவாள். நேராகச் சன்னாசியின் முன்னால் வந்து நின்றார்.

"அடேய் பாலகா! உன் வண்டிக்கு மூச்சு பத்தலடா!"

"ஆமா சாமி, ஆமா!"

"எலக்ட்ரானிக் போடு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முனியாண்டிக்கு எலக்ட்ரானிக் எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று ஒரு பாட்டி கண்ணீரே விட்டுவிட்டாள். கண்மணி எலுமிச்சம்பழத் தட்டோடு குனிந்து கும்பிட்டாள்.

"சாமியே சொன்ன பிறகு நான் யாரு? போட்டுக்கிறோம் சாமி."

சன்னாசிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அத்தோடு மலையேறியிருக்க வேண்டிய சாமி ஏறவில்லை. இன்னும் ஆடிக்கொண்டே நின்றது.

"ஆனா பாலகா..."

சன்னாசி திடுக்கிட்டான். பேசிவைத்ததில் 'ஆனா' என்று ஒன்று இல்லையே!

"குமிழு இடது பக்கம் இருக்கணும்! பொம்பள உட்கார்ற பக்கம்! வீட்டு மகாலெட்சுமிதான் திருகணும். ஆம்பளக் கை படக்கூடாது! பட்டா எஞ்சின் வெடிக்கும்!"

"சாமி, அது வந்து..."

"எதிர்த்தா பேசுறே?" அரிவாள் உயர்ந்தது.

சன்னாசி கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூட்டம் திரும்பக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ராஜு குமிழை இடது பக்கம் பொருத்தும்போது சிரிப்பை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை சபாக் ஊரில் ஒரு கல்யாணம். பாதி வழியில் பின்னால் செல்வாவின் கார் தெரிந்தது. சன்னாசிக்கு இரத்தம் சூடேறியது.

"கண்மணி, கொஞ்சம் திருகேன். கொஞ்சமா!"

"திருகிட்டேங்க."

"வண்டி முக்குதே!"

"எறக்கித் திருகிட்டேன்."

செல்வா டாட்டா காட்டிக்கொண்டே போனான். பின்னாலேயே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றும் தாண்டிப் போனது. சன்னாசி ஸ்டியரிங்கை வெறித்துக்கொண்டே சபாக் போய்ச் சேர்ந்தான்.

மறுநாளே பூசாரியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்ணே, இப்படிக் கழுத்தறுத்திட்டீங்களே! நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"

"நீ கொண்டாந்தது சுருட்டு. உனக்கு முந்தி தங்கச்சி கண்மணி கொண்டாந்தது நண்டுப் பிரட்டல். நீயே சொல்லுப்பா, சாமி எந்தப் பக்கம் சாயும்?"

"நான் வருவேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"சுருட்டே பிடிக்காதவன் கூடை நிறைய சுருட்டோட ஊரச் சுத்தினா, பொண்டாட்டி கோலாட்டமா ஆடிக்கிட்டிருப்பா?"

சன்னாசி வீட்டுக்கு வந்தான். யோசித்துப் பார்த்ததில் ஓர் ஆறுதல் கிடைத்தது. கண்மணிக்கு வேகம் என்றால் பயம். தினம் காலையில் காரை அசாம் ஜாவாவில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக் கேண்டீனுக்கு ஓட்டிப் போனாலும், ஏற்றித் திருக மாட்டாள். தனக்குக் கிடைக்காத பூஸ்ட் யாருக்கும் கிடைக்கவில்லை, ஒழியட்டும்!

அந்த வாரக் கடைசியில் செல்வா வீட்டுக்கு வந்தான். முகம் உப்பியிருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இது உங்களுக்கே நல்லா இருக்கா மாமா?"

"என்னடா?"

"தாண்டினீங்க, சரி. நேத்து காலையில அந்த வளைவுல விசிலடிச்சுக்கிட்டுப் போனீங்க, அதுவும் சரி. கைய வெளிய நீட்டி டாட்டா வேற! அதுவும் என்னைக் கேவலப்படுத்துறதுக்குன்னே கையில வளையல் போட்டுக்கிட்டு!"

"நேத்து காலையில நான் ஆலை வேலையில இருந்தேன்டா. கார..."

சன்னாசி பாதியில் நிறுத்தினான். இரண்டு ஆண்களும் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

கண்மணி தலை நிமிரவில்லை. ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். வளையல் குலுங்கியது.

"ஆம்பளக் கை படலீங்களே!"