செல்வராசு செத்த ஞாயிறு

கொழும்பில் மூன்று நாள் நாடகப் பட்டறைக்குப் போய்வந்தவனை ஒரு மாதமாவது வீட்டில் கட்டிப்போட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை. தெரணியகலைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் நவீன நாடகம் போட்டுவிட்டேன்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராதான் மேடை. ஜன்னல்களைச் சாக்கால் மூடி, கரி பூசிய தகரங்களைக் கோணலாக நிறுத்தி, பல்புக்குச் சிவப்புக் கடதாசி சுற்றினேன். கதாநாயகன் கடைசியில் கொல்லப்படுவான். அந்தச் சாவு முதல் காட்சியிலிருந்தே சனங்களின் நெஞ்சில் இடிக்க வேண்டுமாம், பட்டறையில் சொன்னார்கள். தப்படிக்கும் மாரிமுத்து அண்ணனைப் பின்னால் நிறுத்தி, சாவு வீட்டு அடியை அடிக்கச் சொன்னேன்.

"ஆளு சாகாம இத அடிக்கக் கூடாதுங்க தம்பி."

அது குறியீடு என்றேன். (அப்போது எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.)

கதாநாயகன் செல்வராசு அண்ணன். அவர் தங்கை சாந்தியைக் கட்டத்தான் எனக்கு ஆசை. நாடகம் நன்றாக வந்தால் பார்க்கலாம் என்றிருந்தார். அவருக்கே சாகிற வேஷத்தைக் கொடுத்து, என்ன நடந்தாலும் அசையக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன் (பெண் கேட்கப் போகிறவன் செய்கிற வேலையா இது).

ஞாயிறு பின்னேரம். தப்புச் சத்தம் மலைக்கு அந்தப் பக்க லயத்து வீடுகளுக்கும் போயிருக்கிறது. அந்த அடி கேட்டால் எங்கள் ஆட்கள் மம்பட்டியோடு கிளம்பிவிடுவார்கள். வழியில் செத்தது யார் என்று கேட்டதற்கு, ஒத்திகை பார்த்த ஒருவர், செல்வராசுதான் சாகிறார் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அண்ணனின் மனைவி புஷ்பம் அக்கா வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்; சேதி அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

கடைசிக் காட்சி. வெள்ளைத் துணி மூடிக் கிடந்தார் அண்ணன். வாசலில் ஒப்பாரி எழுந்தது. நாடகம் வென்றுவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்து மம்பட்டியோடு ஆறு பேர் மேடையேறினார்கள். இந்தக் காட்சியை நான் எழுதவே இல்லையே! சபை கைதட்டியது. அந்த ஆறு பேரில் ஒருவர் என் காதருகே வந்து கேட்டார்:

"குழிய எங்கங்க வெட்டுறது?"

அதற்குள் புஷ்பம் அக்கா ஓடிவந்து அண்ணன்மேல் விழுந்து கதறினார். அது நடிப்பில்லை. அண்ணனை எழும்பச் சொல்லிக் கெஞ்சினேன். நான் சோதிக்கிறேன் என்று நினைத்த மனுஷன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னும் முடியல புள்ள."

அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அறை எனக்குத்தான் விழுந்தது. பின்னால் மாரிமுத்து அண்ணன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பெண் கிடைக்க மூன்று வருஷமானது. இன்றைக்கும் சாந்தியோடு அந்த வீட்டுக்குப் போனால், புஷ்பம் அக்கா கதவைப் பாதி திறந்து, என்னைத்தான் முதலில் பார்ப்பார்.

"ஒங்க மச்சான் உசுரோடதான் இருக்காரு தம்பி. என்ன விசயமா வந்தீங்க?"