டிகிரி கையெழுத்துப் போடவில்லை

காலை பதினொன்று நாற்பதுக்கு, தென்னூரில் நான் பில் போடும் மொத்த மருந்துக் கடையின் பெரிய திரையில் பச்சை விளக்கு எரிந்தது. கெட்ட நேரம் அப்போதுதான் தொடங்கியது. சென்னையிலிருந்து இன்சுலின் பெட்டி பத்திரமாக வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஸ்டோர் கீப்பர் டிகிரி மட்டும் ரசீதில் கையெழுத்துப் போட மறுத்தார்.

டிகிரியைப் போன்ற பிடிவாதக்காரர் காவிரியின் இந்தக் கரையிலும் இல்லை, ஸ்ரீரங்கத்துக் கரையிலும் இல்லை. பட்டம் வாங்கியவரல்லர், எட்டாவதோடு நிறுத்தியவர். பேனா இருக்கவேண்டிய சட்டைப்பையில் தெர்மாமீட்டர் இருக்கும்; அதனால் வந்த பெயர். ஒரு கல்யாணப் பந்தியில் அதை ரசத்துக்குள் விட்டு, "அறுபதுதான் இருக்கு, எப்ப இறக்குனீங்க?" என்று கேட்டார். சமையல்காரர் கரண்டியோடு மண்டப வாசல்வரை துரத்தினார். முதலாளி காய்ச்சலோடு வந்த நாளில் அதையே அவர் அக்குளில் செருகி, "முப்பத்தொன்பது. நீங்க சரக்கா இருந்தா இந்நேரம் ரிட்டர்ன் போட்டிருப்பேன்" என்றார்.

முதலாளி அப்போதுதான் பெரிய முதலீடு செய்திருந்தார். வண்டி எங்கே வருகிறது என்று காட்டத் திரை; எவ்வளவு வாங்கலாம் என்று சொல்ல மென்பொருள். தேவைக்கு மேல் ஒன்றுகூட வைக்காதே என்றது மென்பொருள். நாங்களும் வைக்கவில்லை. வழியில் ஏறும் சூட்டைப் பதிவுசெய்ய, பெட்டிக்குள் வைக்க ஒரு கருவி கேட்டார் டிகிரி. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் முதலாளி.

"திரை இருக்கிற ரூமுக்கு ஏசி போட்டீங்க. மருந்து வர்ற வண்டிக்குப் போடலையே?" என்றார் டிகிரி.

அன்று அக்னி நட்சத்திரம். எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாத பெட்டிக்குள் தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது.

"அதான் பச்சை காட்டுதுல்ல, கையெழுத்துப் போடுய்யா!" என்று கத்தினார் முதலாளி.

"வண்டி எங்க நின்னுச்சுன்னு திரைக்குத் தெரியும். வெயில்ல நின்னுச்சுன்னு தெரியுமா?" என்று பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார் டிகிரி. "அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்துத் திருப்பி அனுப்புங்க."

நான்தான் கெஞ்சப் போனேன். என் மகளுக்கு ஆறு வயதிலிருந்து சர்க்கரை நோய். வீட்டிலிருந்த இன்சுலின் அன்று மதியத்தோடு தீரும்; ஊரெங்கும் அந்த வகைக்குத் தட்டுப்பாடு.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே."

"வெந்துபோன மருந்து மேடம். தரமாட்டேன்."

"பெத்தவளுக்குத்தான் தெரியும். புள்ளகுட்டி இல்லாத உங்களுக்கு என்ன தெரியும்?"

சொன்ன வார்த்தை இன்னும் என்னை உலுக்குகிறது. அவர் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே கடை கடையாகப் போன் போட்டார். "சிஸ்டத்தைப் பாக்காதீங்க. எந்திரிச்சுப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க." பிறகு பெட்டியை ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஐஸ் டப்பாவோடு மொபெட்டில் போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில், காவிரிப் பாலம் முழுக்க அவரைச் சபித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் மகள் வாடிப்போய்ப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நான் செருப்பு மாட்டும்போது காலிங் பெல் அடித்தது.

சட்டையெல்லாம் வியர்வையோடு டிகிரி. திருவெறும்பூரில் ஒரு கடை ஃப்ரிட்ஜின் மூலையில், எந்தக் கணக்கிலும் வராமல் கிடந்த இரண்டு இன்சுலின் குப்பிகள் டப்பாவுக்குள் இருந்தன. "அண்ணே, காலையில நான்..." என்று ஆரம்பித்தேன்.

தெர்மாமீட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அஞ்சு டிகிரி. அழுவுறத அப்புறம் அழுவலாம் மேடம், மொதல்ல பாப்பாவுக்கு ஊசியப் போடுங்க."