எல்லாம் எங்கடை சாமான்

உலகத்தின் எந்த மூலையில் எந்தச் சாப்பாட்டை நீட்டினாலும், விழுங்குவதற்கு முதலே "இது எங்கடை சாமானல்லோ!" என்று சொல்லும் மனிதரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். இல்லையா? மொன்றியலில் எந்தக் கலியாண வீட்டுப் பந்திக்கும் போய்ப் பாருங்கள், மூன்றாவது கதிரையில் இருப்பார். அவருக்குப் பூட்டின் என்பது கிழங்குப் பொரியலில் குழம்பு ஊற்றியது. மேப்பிள் பாணி என்பது பனம்பாணியின் வெளிநாட்டுத் தங்கச்சி. க்ரெப் என்பது புளிக்க மறந்த தோசை. பனிக்கு மட்டும் இன்னும் உரிமை கோரவில்லை. அதற்கும் ஆதாரம் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இந்த இனத்தில் குறையே சொல்லமுடியாத ஒரு மாதிரி, அதே மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் இரவிச்சந்திரன். போன சனிக்கிழமை பின்னேரம் மகள் சாருஜா அவரையும் தாய் சிவநேசத்தையும் மெட்ரோவில் ஏற்றி, நகர நடுவில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறுபது வருடத்துக்கு முந்திய யப்பானியக் குடிக்கடைச் சந்து ஒன்றை அங்கே அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள்: சிவப்புக் கடதாசி விளக்குகள், காசு கொடுத்துத் துருப்பிடிக்கவைத்த தகரப் பலகைகள், முழங்கால் இடிக்கும் வாங்குகள், யப்பானின் ஊருக்கொன்றாகக் குட்டிக்கடைகள்.

"யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குப் பின்பக்கம்," என்றார் இரவிச்சந்திரன், இருக்கமுதலே.

கூட வந்தவன் கென்ட்டா. சாருஜாவோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற யப்பானியப் பெடியன், சாப்பாட்டுப் பட்டியலை வாசித்துச் சொல்ல வந்திருக்கிறான் என்பது தகப்பனுக்குச் சொல்லப்பட்ட கதை. அவனைத்தான் கட்டப்போகிறாள் என்பது தாய்க்குச் சொல்லப்பட்ட கதை. இரண்டாவது கதையை இன்று தகப்பனுக்கும் சொல்லியாக வேண்டும். அவர் முகம் கோணக் கலியாணம் செய்ய அவளுக்கு மனமில்லை. எப்போது சொல்வது? அப்பாவின் வாய் ஓயும்போது. பாவம், இருபத்தொன்பது வருடம் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு நம்பிக்கை!

கலங்கலான அரிசி மது வந்தது. "கள்ளு." சுட்ட கணவாய் வந்தது. "உது மயிலிட்டித் துறைச் சாமான்." ஒகினாவாக் கடையிலிருந்து பாகற்காயை முட்டையோடு பிரட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். "பாவக்காய்! இதையும் கொண்டுபோட்டாங்களோ!" சாருஜா பிரெஞ்சில் மாற்றிச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் கென்ட்டா "வீ, மெசியு" என்று ஆமோதித்துத் தலையாட்டினான். இரவிச்சந்திரனுக்குப் பெடியனைப் பிடித்துப்போயிற்று. வீட்டில் இப்படித் தலையாட்ட ஆளில்லை.

சிவநேசம் மேசைக்குக் கீழே மகளின் காலைத் தட்டினார்.

"அப்பா, ஒரு விசயம் சொல்லவேணும்..."

"பொறு பிள்ளை."

பாகற்காயின்மேல் மரச்சீவல் மாதிரி ஏதோ சூட்டில் நெளிந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "மாசி! மாசிக் கருவாட்டைச் சீவிப் போட்டிருக்கிறாங்கள்! இது அசல் எங்கடை சாமான்!"

தலையாட்டிக் கழுத்து நொந்த கென்ட்டா, மிக மரியாதையாகப் பிரெஞ்சில் சொன்னான்: "என் அப்பாவும் உங்களைப் போலத்தான், மெசியு. ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருக்கிறார். சாருஜா இடித்த மாசிச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு, இது எங்கள் ஒகினாவாச் சாமான், தமிழர் எங்களிடம் எடுத்தது என்று சொன்னார்."

இரவிச்சந்திரனின் கையிலிருந்த குச்சிகள் இரண்டும் விழுந்தன.

"ஆர் சொன்னது? மாசி அவையின்ரையோ? என்ன துணிவு அந்தாளுக்கு!" தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சு இந்தக் கோபத்துக்குப் போதவில்லை, தமிழிலேயே பொரிந்தார். மாசி உண்மையில் மாலைதீவிலிருந்து வருவது என்பதை இந்த நேரத்தில் நீங்களும் சொல்லவேண்டாம், நானும் சொல்லவில்லை. பொரிந்துகொண்டே போனவர் நடுவழியில் நின்றார்.

"பொறு. நீ ஏன் பிள்ளை அவையின்ர வீட்டை போய்ச் சம்பல் இடிச்சனி?"

சாருஜா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அதைத்தான் அப்பா வந்ததிலயிருந்து சொல்லப் பாக்கிறன்."

"இஞ்சேருங்கோ," என்றார் சிவநேசம், குரலை உயர்த்தாமல். "கள்ளு எங்கடை, கணவாய் எங்கடை, பாவக்காயும் எங்கடை எண்டியள். உந்தப் பெடியன்?"

இரவிச்சந்திரன் கென்ட்டாவைப் பார்த்தார். மகளின் கைகளைப் பார்த்தார். ஒரு துண்டுப் பாகற்காயை வாயில் போட்டு, அது சக்கையாகிய பிறகும் மென்றார். அந்தச் சந்தில் அன்று அவர் பெயர் வைக்காமல் விட்ட ஒரே சாமான் எதிரே இருந்து வியர்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றார் கடைசியில், "உம்மட அப்பாவை வாற ஞாயிறு எங்கடை வீட்டை வரச்சொல்லும்."

"எதுக்கு அப்பா?" சாருஜாவின் குரல் மெலிந்திருந்தது.

"கலியாணத்தைப் பேந்து கதைப்பம். முதல்ல மாசி ஆரின்ரையெண்டு தீர்க்கவேணும்."

சிவநேசம் சிரிப்பை அடக்கக் கள்ளை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முப்பத்திரண்டு வருட அனுபவம் அவருடையது: வேண்டாம் என்றால் அந்த மனிதர் அங்கேயே வேண்டாம் என்பார், 'பேந்து' என்று தள்ளிவைத்த எதையும் மறுத்தது கிடையாது.

சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்? வாசித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ ஒருதரம் சிரித்தீர்கள். மனதுக்குள் ஒரு மாமாவின் முகமோ, பக்கத்து வீட்டுக்காரரின் முகமோ வந்தது. உடனே, "அட, இது எங்கடை ஆளல்லோ!" என்றீர்கள்.

என்ன சொன்னீர்கள்? இன்னொருக்கால் சொல்லிப் பாருங்கள்.