டம்ளரின் சூடு குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தொடாமலே சூட்டை அளக்கும் உங்கள் தொழிற்சாலை அகச்சிவப்பு வெப்பமானியை இங்கே மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள். பத்திரமாக இருக்கிறது. முப்பத்தொரு வருடமாக எனக்கு ஆறிய டீதான் கிடைக்கிறது என்பது என் கட்சி. கொதிக்கக் கொதிக்கத் தருகிறேன் என்பது உங்கள் அத்தை கட்சி. ஐம்பது டிகிரிக்கு மேல் காட்டினால் ஆயுசுக்கும் நானே டீ போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கூடத்து நாற்காலியிலிருந்தே சமையல்மேடை மேலிருந்த எவர்சில்வர் டம்ளர் மேல் கருவியின் சிவப்புப் புள்ளி விழும்படி குறிபார்த்து விசையை அமுக்கினேன். இருபத்தொன்பது. "குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க" என்றாள். எழுந்து போய் ஒரே மடக்கு, நாக்கு வெந்துவிட்டது. உங்களுக்குப் போன் செய்தேன். "மாமா, அந்தச் சிவப்புப் புள்ளி சும்மா குறி காட்டத்தான். அவ்ளோ தூரத்துலேருந்து அளந்தா தாம்பாளம் அகலத்துக்குச் சுவரு, திரை எல்லாத்தையும் சேத்துக்கும்" என்றீர்கள். மூன்று நாள் பக்கத்தில் நின்று அளந்தேன். தினமும் முப்பத்து மூன்று. மறுபடி போன். "பளபளன்னு இருக்கற பாத்திரம் கண்ணாடி மாதிரி, மாமா. எதிர்ல இருக்கறதோட சூட்டைத்தான் பெரும்பாலும் காட்டும்." எதிரில் இருந்தது நான். டீ என்று நோட்டில் குறித்து வைத்ததெல்லாம் என் முகம். நீங்கள் சொன்னபடி டம்ளரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதுவும் சூடேறட்டும் என்று ஒரு நிமிடம் பொறுத்து அளந்தேன். எழுபத்தொன்று. உங்கள் அத்தை சிரிக்கவில்லை. "டீத்தூள் மேல்தட்டுல இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குக் கொடுத்தது டேப் ஒட்டாத டம்ளருக்கு. மேலும், கருவி வந்த பிறகுதான் டீ சூடாக வருகிறது என்பது என் ஆய்வு முடிவு. எனவே கருவிக்குரியவர் என்ற முறையில் தாங்களே தீர்ப்பை எழுத்தில் அனுப்ப வேண்டும். மாமனார் என்று சலுகை காட்ட வேண்டாம். மாமனார் என்பதை மறந்தும் விட வேண்டாம்.

மகளுக்கு என் ஆசிகள். உங்கள் தாய் தந்தையருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: இன்று காலை உங்கள் அத்தை டேப் ஒட்டிய டம்ளரை என் முன் வைத்துவிட்டு, கருவியோடு எதிரே உட்கார்ந்துகொண்டாள். வைத்தபோது எழுபத்தொன்று. நான் செய்தித்தாளைத் தலையங்கம் வரை முடித்து டம்ளரை எடுத்தபோது முப்பத்தெட்டு. இடையில் நாற்பது நிமிடம். "இப்ப குடிங்க" என்றாள். தீர்ப்பு அனுப்ப வேண்டாம். இரண்டு பேருக்கு எத்தனை கரண்டி டீத்தூள் என்பதை மட்டும் மகளிடம் கேட்டு எழுதவும். இங்கே கேட்கக் கூச்சமாக இருக்கிறது.