உறை அறைக்கு வந்த பெருமாள்

பெரம்பலூரை அடுத்த ஒரு பால் சங்கத்தில் மூன்று நாட்களாகத் தயிர் உறையவில்லை. இது குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்து மேலாளர் முத்தமிழ்செல்வன் நான்கு சுற்றறிக்கைகள் வெளியிட்டார். தயிர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

பாலுக்கு உறை ஊற்றும் உறை அறையைப் பார்த்துக்கொள்பவள் மலர்கொடி. ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியம். ஒன்றாம் தேதி வேலை நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. தயிர் உறையாவிட்டால் இருக்காது.

திருச்சியிலிருந்து பரிசோதகர் நந்தினி வந்தாள்.

"உங்க மேல தப்பில்லக்கா. பாலை உறைய வைக்கிற பாக்டீரியாவைக் கொல்ற வைரஸ் உள்ள வந்துருக்கு. மனுசங்கள ஒண்ணும் பண்ணாது. தூசி, செருப்பு, சிந்துன மோர்த்தண்ணி வழியா வரும். எல்லாத்தையும் நல்லாக் கழுவுங்க, நான் வேற உறை கொண்டாறேன். கண்டவங்களை உள்ள விடாதீங்க."

கண்டவர்கள் என்போர் யாவர் என்று வரையறுக்க எழுவர் குழு அமைக்கப்பட்டது. எழுவரும் மோர்த்தண்ணி ஓடும் சாக்கடையைத் தாண்டி, செருப்போடு உறை அறைக்குள் ஆய்வுக்கு வந்தார்கள்.

"சார், செருப்பு..." என்றாள் மலர்கொடி.

"நாங்க கண்டவங்க இல்லம்மா. குழு," என்றார் முத்தமிழ்செல்வன்.

குழுவின் பரிந்துரைப்படி 'உள்ளே வராதீர்' என்று கதவில் பலகை மாட்டினார்கள். அதைத் திறந்துவைக்க மண்டல அலுவலர் நாற்பது பேரோடு வந்தார். பலகையைப் பாராட்டிவிட்டு அத்தனை பேரும் உள்ளே போய் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாளும் பால் பாலாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலர்கொடி பஸ் பிடித்துக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனாள். கோயில் வாசலில் முத்தமிழ்செல்வன் நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார், வரிசையில் கைகட்டி நின்றார். மலர்கொடி பெருமாளைக் கும்பிட்டது பாதி, மேலாளரைப் பார்த்தது பாதி. திரும்பும்போது பெருமாள் படம் ஒன்று வாங்கி வந்து உறை அறையைக் கழுவிவிட்டுக் கதவின் மேல் மாட்டினாள்.

திங்கட்கிழமை மேலாளர் வந்தார். படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கால் கழுவினார். வாசலிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். குழுவும் அப்படியே செய்தது. நந்தினி கொண்டுவந்த புது உறை, புதன்கிழமை கத்தி வைத்து வெட்டலாம் போல உறைந்தது. மலர்கொடி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

தயிரை உறைய வைத்த பெருமாள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. மண்டல அலுவலர் குடும்பத்தோடு வந்து தேங்காய் உடைத்தார். "சாமிய வெளிய நிக்க வைக்கலாமா?" என்று அவர் மனைவி கேட்க, படம் உள்ளே போனது. படத்தின் பின்னால் ஊரும் உள்ளே போனது. கற்பூரம், சுண்டல், சனிக்கிழமை வரிசை. தயிர் மறுபடியும் தண்ணீராகிவிட்டது.

"கூட்டத்தை வெளிய நிறுத்துங்க சார். இல்லாட்டி படத்தை எடுத்துடறேன்."

"நல்லாப் பேசுறம்மா. சாமி இருக்கிற எடத்துல தயிரை வச்சதே தப்பு," என்றார் முத்தமிழ்செல்வன்.

ஒன்றாம் தேதி ஆணை வந்தது. உறை அறை இனி பூசை அறை. தயிர்த் தொட்டிகள் சாக்கடை ஓரக் கொட்டகைக்கு மாற்றப்படும். மலர்கொடியின் பணி நிரந்தரம் செய்யப்படுகிறது. பணி: விளக்கேற்றுதல், வரிசையை ஒழுங்குபடுத்துதல்.

அவள் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பிரசாதத்துக்குத் தயிர்சாதம் என்றார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் வெளியூர்த் தயிர் பாக்கெட் பத்து வாங்கிவந்து கிளறினாள்.

"என்ன இருந்தாலும் நம்ம சங்கத்துத் தயிர் ருசியே தனிம்மா," என்று மேலாளர் தொன்னையை நீட்டினார்.

"ஆமாங்க சார்," என்று மலர்கொடி இன்னொரு கரண்டி வைத்தாள்.